நகராட்சி மன்றத்தில் ஒரு குருவானவர்

(ஜூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



தேர்தல் வந்துவிட்டால் அறைவீட்டுக் கதவுக்கு ஓய்வில்லை. "சாமி, யாருக்கு ஓட்டுப் போடச் சொல்கிறீர்கள்?" என்பார் சிலர். "அரசியல் ஒரு சாக்கடை, நமக்கெதற்கு?" என்பார் வேறு சிலர். இரு சாராருக்கும் பதிலாக, இத்தாலி நாட்டுக் குருவானவர் ஒருவரின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

அவர் பெயர் லூயிஜி ஸ்டுர்சோ. சிசிலித் தீவில், மண்பாண்ட வேலைப்பாட்டுக்குப் பேர்போன கால்தஜிரோனே என்னும் சிறு நகரில் 1871-ல் பிறந்தார். 1894-ல் குருப்பட்டம் பெற்று, மேற்படிப்புக்காக உரோமை சென்றார். 1895-ல் பெரிய சனியன்று அங்கே ஏழைகளின் தெருக்களில் வீடு மந்திரிக்கப் போனவர், கண்ட வறுமையால் கலங்கிப்போனார். தீர்த்தம் தெளித்ததோடு கடமை தீர்ந்ததென்று அவர் இருக்கவில்லை. பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-ல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலின் போதனையோடு ஊர் திரும்பி, குடியானவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கமும் கடன் வங்கியும் ஏற்படுத்தினார். அவ்வூர் வட்டிக்காரர்களுக்கு அது இனித்திருக்குமா?

அக்காலத்தில் இத்தாலியக் கத்தோலிக்கர் பாராளுமன்றத் தேர்தலில் கலந்துகொள்ளத் திருச்சபையின் தடை இருந்தது. நகரசபைக்கு அத்தடை இல்லை. 1899-ல் ஸ்டுர்சோ நகரசபை உறுப்பினரானார். 1905 முதல் 1920 வரை பதினைந்து ஆண்டுகள் நகரத்தை நடத்தியவர் அவரே. குருவானவர் மேயராகச் சட்டம் இடம் தராததால் 'பதில் மேயர்' என்ற பெயரே அவருக்கு. பெயரில்தான் பதில், வேலை முழுவதும் அவருடையது!

நிலச் சொந்தக்காரருக்கும் உழவனுக்கும் நடுவே இடைக்குத்தகைக்காரர் நின்று இருபுறமும் சுரண்டுவது சிசிலியின் பழைய நோய். உழவர்கள் சங்கமாய்ச் சேர்ந்து நேரே குத்தகை எடுக்கும் முறையை ஸ்டுர்சோ ஊக்குவித்தார். நசிந்துவந்த மண்பாண்டக் கலைக்கென 1918-ல் ஒரு பள்ளியும் நிறுவினார். இவையெல்லாம் பிரசங்கத்தால் நடந்தவை அல்ல. வரவு செலவுக் கணக்கின் முன் உட்கார்ந்து நடந்தவை.

1919 ஜனவரியில் மக்கள் கட்சியைத் தோற்றுவித்தார். அவ்வாண்டிலேயே அது பாராளுமன்றத்தில் 100 இடங்களை வென்றது. அதற்குக் கத்தோலிக்கக் கட்சி என்று பெயரிட அவர் இசையவில்லை. வேதம் எல்லோரையும் சேர்ப்பது, கட்சியோ பிரிப்பது. இரண்டையும் ஒரே பெயரில் கட்டலாகாது என்பது அவர் கருத்து. பீடத்தின் முன் நின்று சின்னம் காட்டச் சொல்லும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முசோலினியின் ஆட்சியில் 1923-ல் கட்சிச் செயலாளர் பதவியை விட நேர்ந்தது. 1924-ல் நாட்டையே விட்டு லண்டனுக்கும், பின்னர் நியூயார்க்குக்கும் போய், 22 ஆண்டுகள் பரதேசியாய் வாழ்ந்தார். 1946-ல் திரும்பி, 1952-ல் ஆயுட்கால செனட்டராகி, 1959-ல் மரித்தார். அவரைப் புனித நிலைக்கு உயர்த்தும் முயற்சி 2002-ல் தொடங்கியது.

ஆட்சி அதிகாரமுள்ள பதவிகளைக் குருக்கள் ஏற்கலாகாது என்று 1983-ன் திருச்சபைச் சட்டம் 285-ஆம் விதியில் கூறுகிறது. ஆகவே ஸ்டுர்சோ அமர்ந்த அந்த நாற்காலி இன்று உங்களுடையதே. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கி 2016-ல் சட்டமும் ஆகிவிட்டது. எனவே தாய்மார்களும் சாக்குச் சொல்ல முடியாது.

வார்டுக்கு நிற்க எண்ணுவோர் ஞாயிறு பூசைக்குப்பின் அறைவீட்டுக்கு வாருங்கள். எந்தக் கட்சியென்று கேட்கமாட்டோம். நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தை ஒன்றாய் அமர்ந்து வாசிப்போம். நமது கல்லறைத் தோட்டத்து வழியிலுள்ள சாக்கடையிலிருந்தே தொடங்கலாம்.