திரும்பும் நாள் குறிக்கப்படாத பிரயாணம்

நெடுந்தூரப் பிரயாணம் மேற்கொள்வோர் புறப்படும் நாளோடு திரும்பும் நாளையும் குறித்துக்கொள்வது உலக வழக்கம். எதனை எடுத்துச் செல்வது, எதனை வீட்டில் விட்டுச் செல்வது என்பதும் அதற்கேற்பவே தீர்மானிக்கப்படும். இலங்கையின் மலைநாட்டிலோ, அட்டன், தலவாக்கலை, நுவரெலியா முதலிய இடங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், வேறு விதமான பிரயாணம் ஒன்றுக்கு இலட்சக்கணக்கான மக்கள் ஆயத்தம் செய்ய நேர்ந்தது. அதன் தொகையை வகுத்தவை இரண்டு அரசாங்கங்கள். திரும்பும் நாள் என்பது அதில் இல்லை. போகும் இடத்துக்குத் தாயகம் என்று பெயர். போகிறவர்களுட் பலர் அதனைக் கண்ணாற் கண்டதில்லை.

தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தவர்களின் வழிவந்தோர் இம்மக்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் இவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் போயிற்று. 1954இல் நேருவும் கொத்தலாவலையும் செய்துகொண்ட உடன்பாடு இச்சிக்கலைத் தீர்க்கவில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். நாடற்றவர் தொகை 9,75,000 எனக் கணிக்கப்பட்டது. இவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை அளிப்பது, இவை 15 ஆண்டுகளில் நிறைவேறுவது என்பன அதன் சாரம். எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. சம்பந்தப்பட்ட மக்களின் கருத்தைக் கேளாமலே இப்பங்கீடு செய்யப்பட்டதென்று தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் கண்டித்தார்.

ஒப்பந்தம் இலட்சக் கணக்கிற் பேசிற்று. லயத்துக் காம்பராவில் வாழும் குடும்பமோ விரல்விட்டு எண்ணவேண்டியிருந்தது. எந்த நாட்டுக்கு மனுப்போடுவது என்ற வினா எழுந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் கணக்குப் பார்க்கப்பட்டது. மகளைக் கொடுத்த வீட்டார் இலங்கைக்கு எழுதியிருந்தால், பெற்றோர் இந்தியாவுக்கு எழுதுவது எப்படி? தமையன் ஒரு நாட்டையும் தம்பி மற்ற நாட்டையும் நாடினால், வயது முதிர்ந்த தாய் எவர் பக்கம் நிற்பாள்? மனுக்கள் வந்து சேர்ந்தபோது, இந்தியாவைக் கேட்டோர் ஏறக்குறைய 4 இலட்சம், இலங்கையைக் கேட்டோர் ஏறக்குறைய 7 இலட்சம் எனத் தெரிந்தது. ஒப்பந்தத்தின் பங்கீட்டுக்கு இது நேர்மாறு. எண்ணை முன்னே எழுதி, மனிதர் மனத்தைப் பின்னே கேட்டதன் விளைவு அது.

காலம் செல்லச் செல்ல நிலைமையும் மாறிற்று. 1973, 1974 ஆகிய ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைக் கடுமையாக வாட்டியது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அவற்றிற் சிலவற்றில் வேலையும் இருப்பிடமும் இழந்தோர் உண்டு. 1977இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்கள் எஞ்சிய நம்பிக்கையையும் குலைத்தன. இருந்துவிடலாம் என்று முன்னர் எண்ணியோரும் போய்விடலாம் என்று எண்ணலாயினர். அச்சத்தினால் எடுக்கும் முடிவை விருப்பம் என்று சொல்லுதல் பொருந்துமா?

இனி, ஆயத்தங்கள். பிறப்பு, விவாகம் முதலியவற்றுக்கான பத்திரங்களைத் தேடவேண்டும். இந்தியக் கடவுச்சீட்டுப் பெறவேண்டும். ஊழியர் சேமலாப நிதியையும் சேவைக்கால உபகாரப் பணத்தையும் கேட்டு வாங்கவேண்டும். இவற்றை உடன் கொண்டுசெல்ல ஒப்பந்தம் இடமளித்திருந்தது. ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய சொத்தின் உச்ச வரம்பு 4,000 ரூபாவிலும் குறைக்கப்படலாகாது என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. பல தலைமுறைகள் காடழித்துக் கொழுந்து பறித்த உழைப்பு, இறுதியில் ஒரு ரூபாய்க் கணக்கிற் குறுகி நின்றது. பசுவையும் மரக்கறிப் பாத்தியையும் அயலவருக்குக் கொடுத்துவிடலாம். தோட்டத்து மாரியம்மன் கோயிலையும் முன்னோரை அடக்கம் செய்த மண்ணையும் எவரிடம் ஒப்படைப்பது? மலைக்குளிருக்கு வாங்கிய கம்பளி, வெயில் கொளுத்தும் சமவெளிக்கு வேண்டுமா என்பதைச் சொல்லவல்லார் லயத்தில் எவருமிலர்.

அட்டனிலிருந்து புறப்படும் கோச்சி மலையிறங்கிப் பொல்காவலையை அடையும். அங்கிருந்து வடக்கு நோக்கி, அனுராதபுரம், மதவாச்சி, மன்னார் வழியாகத் தலைமன்னார்த் துறைக்குப் பாதை செல்லும். வழியனுப்ப வந்தோர் அழுகையும் வண்டியில் இருந்தோர் அழுகையும் ஒன்றாகக் கேட்டமையால், மக்கள் இதனை அழுகைக் கோச்சி என்றே அழைத்தனர். முன்னாளில் கப்பல் தனுஷ்கோடிக்குச் சென்றது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் நிறையுமுன், 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துவிடவே, பின்னர் சென்றோர் இராமேசுவரத்தில் இறங்கினர். அடுத்து மண்டபம் முகாம். இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் ஒரு காலத்தில் தங்கவைக்கப்பட்ட அதே இடம்.

அக்கரையில் சிலருக்கு வியாபாரக் கடன் கிடைத்தது. சிலருக்கு ஆலைகளில் வேலை கிடைத்தது. நீலகிரியில் தமிழக அரசு 1968இல் இவர்களுக்கென்றே தேயிலைத் தோட்டங்களை அமைக்கத் தொடங்கியது. தேயிலையன்றிப் பிற தொழில் அறியாத கைகளுக்கு அது பெரும் ஆறுதல். ஆயினும் முன்பின் அறியாத தொழிலுக்குக் கொடுத்த கடன் பலரிடம் நிலைக்கவில்லை. புறப்படுமிடத்துப் பத்திரங்களிற் செலுத்திய கவனம், சேருமிடத்து வாழ்விற் செலுத்தப்படவில்லை.

1984இல் கப்பற் சேவை நின்றது. அதற்குள் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்துவிட்டனர். கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலின்றி நின்றோரும் பலர். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்து வரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. அவர்களைப் பங்கிட்ட ஒப்பந்தத்தின் நாளே, அவர்களை ஏற்றுக்கொண்ட சட்டத்தின் அளவுகோலும் ஆயிற்று.

எண்ணும் தவணையும் வழியும் இப்பிரயாணத்துக்கு முன்னரே வகுக்கப்பட்டிருந்தன. கேட்கப்படாதிருந்தது ஒன்றே: போகிறவரின் சம்மதம். அது கேட்கப்படாத இடத்தில், எத்தனை செவ்வையான திட்டமும் மனிதரைச் சுமையாக ஏற்றி இறக்கும் திட்டமாகவே முடிந்துவிடும்.