உச்சியில் நிற்கும் பந்து



தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று இடைநிலைப்பள்ளி செல்லும் நம் பிள்ளைகள், நான்காம் படிவத்திலேதான் இயற்பியலைத் தனிப்பாடமாகக் காண்கின்றனர். அதுவரை கைகொடுத்த மனனம் இங்கே கைவிடுகிறது.

நாம் அறிந்த மாணவி ஒருத்தி சூத்திரங்களைப் பிழையின்றி ஒப்புவிப்பாள், தேர்விலோ தோற்பாள். அறிவியல் பிரிவையே விட்டுவிட எண்ணியிருந்தாள். மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியை எட்டும் கணத்தில் அதன்மீது செயற்படும் விசை யாது என வினவினோம். "விசையே இல்லை, ஐயா. கை கொடுத்த வேகம் தீர்ந்துவிட்டதே!" என்றாள்.

எறிந்த கையின் ஆற்றல் பந்தினுள் தங்கிக் கரைகிறது என இடைக்கால ஐரோப்பிய அறிஞர் சிலரும் கருதினர். அவளுடைய பிழை பழம்பெருமை வாய்ந்ததே! விடையை நாம் உடனே கூறவில்லை. சில நாள் கழித்து அவளே வந்தாள்: "விசை இல்லையென்றால் பந்து அங்கேயே நின்றிருக்குமே, ஏன் இறங்குகிறது?"

உச்சியில் வேகம் சுழியம். புவியீர்ப்பு முடுக்கமோ அங்கும் குன்றாது. ஒவ்வொரு நொடியிலும் வேகம் ஏறத்தாழ நொடிக்கு 9.8 மீட்டர் அளவு மாறுகிறது. நம் அன்றாடப் பேச்சில் 'வேகம்' என்னும் ஒரு சொல்லே விசைக்கும் உந்தத்திற்கும் சேர்த்து வழங்குவதை அவள் அன்று கண்டுகொண்டாள். அதன்பின், மலாயில் விடை எழுதுமுன் ஒவ்வொரு கணக்கையும் தமிழில் ஒரு வாக்கியமாக எழுதிப் பார்த்தாள். மதிப்பெண் மெல்லவே உயர்ந்தது. ஏட்டின் ஓரத்தில் மட்டும் ஒரு வினா அடிக்கடி தென்படலாயிற்று: "இப்படி ஏன் எண்ணினேன்?"