நாமே எழுதிய கணினிக் கையேடு

(ஆரணியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கையேட்டுக் குழுவினர் பேசியது)



நம்ம அலுவலகக் கணினி நின்றுபோன கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வங்கிக் கடனுக்குக் குழுக்களின் பட்டியல் கொடுக்க வேண்டிய நாள். கணக்கை ஏற்றினால் பதியவே மாட்டேன் என்கிறது. "கணக்காளர் பொண்ணு எதையோ அழிச்சிட்டா" என்று பேச்சு கிளம்பியது. வேறு யாரோ கிளப்பியது இல்லை, நாங்களும்தான் பேசினோம். அவள் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை.

அப்புறம் கணினி படித்த ஒரு உறுப்பினரின் மகள் வந்து பார்த்தாள். எதுவும் அழியவில்லை. உள்ளே இடம்தான் இல்லை. பயிற்சி வீடியோ, ஆண்டு விழா போட்டோ, ஒரே கணக்குக்கு இருபது நகல் என்று நாம் எல்லோரும் சேர்ந்து அடைத்து வைத்திருந்தோம். குப்பைத் தொட்டியில் போட்டதுகூட வெளியே போகாமல் இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. இதை அவள் கண்டுபிடித்தது 'சிஸ்டம் மானிட்டர்' என்கிற ஒரு நிரலைத் திறந்து. நம் கணினியில் இருப்பது உபுண்டு என்னும் லினக்ஸ். அதோடு சும்மா வந்த நிரல் அது. முதல் நாளிலிருந்தே உள்ளேதான் இருந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

தறியில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாவில் ஒரு இழை அறுந்தால் உடனே முடிச்சுப் போட வேண்டும். கவனிக்காமல் நெய்துகொண்டே போனால் புடவை நீளத்துக்கும் கோடு விழும். கணினியில் அந்தக் கண் வேலையைச் செய்வதுதான் கண்காணிப்பு மென்பொருள். ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான கணினி வைத்திருப்பவர்களுக்கும் இதுபோல உண்டு. 1999-ல் அமெரிக்காவில் ஈத்தன் கால்ஸ்டாட் என்பவர் எழுதி வெளியிட்டது பின்னால் 'நாகியோஸ்' என்று பெயர் பெற்றது. அதுவும் யாரும் எடுத்துப் பயன்படுத்தக் கூடிய கட்டற்ற மென்பொருள்தான். நமக்கு இருப்பது ஒரே கணினி, சிஸ்டம் மானிட்டரே போதும்.

ஆனால் மென்பொருள் இலவசமாகக் கிடைத்தால் ஆச்சா? அதைச் சொல்லித் தரும் புத்தகம் நமக்குப் புரியாத பாஷையில் இருந்தால் அது பூட்டின பெட்டிதான். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், கையேடும் கட்டற்றதாக இருக்க வேண்டும் என்று வாதாடினார். அதற்கென்றே 2000-ல் ஒரு தனி உரிமமும் வந்தது. தமிழில் இந்த வேலையைச் செய்பவர்கள் 'கணியம்' இதழ்க்காரர்கள். 2012 ஜனவரியில் தொடங்கினார்கள். து. நித்யா என்கிற பெண் அதில் 'எளிய தமிழில்' என்று கணினிப் பாடங்களை எழுதினார். அவை மின்னூலாகவும் வந்திருக்கின்றன, யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக் கொடுக்கலாம். அதைப் பார்த்த பிறகுதான் நாமும் எழுதலாமே என்ற தைரியம் வந்தது.

ஐந்து பேர் உட்கார்ந்தோம். முதலில் படித்த பெண்ணையே எழுதச் சொன்னோம். அழகாக எழுதினாள், எங்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. "சாளரத்தைத் திறக்கவும்" என்று இருந்தது. ஒரு அக்கா எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார்! சிரித்து முடித்ததும் ஒரு விதி போட்டோம். தெரிந்தவள் மவுஸைத் தொடக்கூடாது. தெரியாதவர் கையேட்டை உரக்கப் படித்து, அதன்படியே செய்ய வேண்டும். அவர் எந்த வரியில் நிற்கிறாரோ, அந்த வரி அங்கேயே திருத்தப்படும். தப்பு வரியின் மேல், படித்தவர் மேல் இல்லை.

இப்படித்தான் 'சேமிப்பு' என்ற சொல்லும் அடிபட்டது. "சேமிப்பு நிறைந்துவிட்டது" என்று எழுதியிருந்தோம். நம்ம குழுக்காரர்கள் அதைப் படித்தால் சந்தோஷம்தானே படுவார்கள்? டிஸ்க்கை 'பீரோ' என்றும், மெமரியை 'மேசை' என்றும் மாற்றினோம். பீரோவில் இருப்பது மின்சாரம் போனாலும் இருக்கும். மேசையில் விரித்து வைத்தது போய்விடும். மேசையில் இடம் பற்றாவிட்டால் கணினி பீரோவில் கொஞ்ச இடத்தைக் கைமாத்து வாங்கும், அதற்கு 'ஸ்வாப்' என்று பெயர். பீரோவுக்கு எழுந்து எழுந்து போய் வருவதால் வேலை மந்தமாகும். கைமாத்து என்றதும் எல்லோருக்கும் சட்டென்று புரிந்துவிட்டது.

நிரலில் மூன்று பக்கம் இருக்கிறது. ஒன்றில் இப்போது என்னென்ன வேலை ஓடுகிறது என்ற பட்டியல். ஒன்றில் மேசை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கோடு ஏறி இறங்கும். மூன்றாவதில் பீரோ எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தெரியும். வாரம் ஒருமுறை திங்கட்கிழமை இந்த மூன்றாவதைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நூற்றுக்கு எண்பது தாண்டினால் ஊக்குநரிடம் சொல்ல வேண்டும். எண்பது என்பது நாங்களாக வைத்த கணக்கு. ஆற அமர இடம் ஒழிக்க அவகாசம் வேண்டும் இல்லையா, அதற்காக.

பட்டியல் பக்கத்தில் மட்டும் ஜாக்கிரதை. ஓடுகிற வேலையை அங்கிருந்தே நிறுத்த முடியும். கணக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால், பதியாத வரிகள் போச்சு. அந்த இடத்தில் சிவப்பு மையால் கட்டம் போட்டிருக்கிறோம்.

மொத்தம் ஒன்பது பக்கம். முதல் பக்கத்தை எழுதியது நாம் திட்டிய அதே கணக்காளர்தான். "இடம் இல்லாவிட்டால் பதியாது, யாரும் அழித்ததாக அர்த்தம் இல்லை" என்று அவள் ஆரம்பித்திருக்கிறாள். அந்த வரியில் நாங்கள் கை வைக்கவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டதைத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

உபுண்டு புதுப் பதிப்புக்கு மாறும்போது திரையின் தோற்றமும் மாறலாம். அப்போது கையேட்டையும் திருத்த வேண்டும். அதனால் அட்டையில் திருத்திய தேதி எழுத இடம் விட்டு, ஒரு பென்சிலையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். சேவூர், தேவிகாபுரம் பக்கத்துக் குழுக்களிலிருந்து, கணினியை இதுவரை தொடாதவர் இரண்டு பேர் அடுத்த திங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். ஏழாம் பக்கத்தில் இன்னும் யாரோ ஒருவர் நிற்பார் என்று எங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது.