முன்னால் போறவ திரும்பிப் பார்க்கணும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



சேமிப்பு, கடன் பற்றி எல்லாரும் பேசிட்டாங்க. நான் மலை ஏறின கதை ஒன்று சொல்றேன்.

நம்ம அண்ணாமலை 2,668 அடி உயரம். தினமும் அது முகத்தில்தான் விழிக்கிறோம். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் சுற்றி வருகிறோம். ஆனால் மேலே போனவங்க நம்மில் எத்தனை பேர்? சில வருஷம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்க குழுவில் 11 பேர் கிளம்பினோம். பேகோபுரம் பக்கமாக ஏறி விருபாட்ச குகை, அங்கிருந்து கந்தாஸ்ரமம். ரமண மகரிஷி 1916 முதல் 1922 வரை இருந்த இடம். கீழே கோபுரங்கள் எல்லாம் கொலு பொம்மை மாதிரி தெரிந்தன.

அங்கேயே திரும்பியிருக்கணும். "இன்னும் கொஞ்சம் மேலே போலாம்"னு சொன்னது நான்தான். அப்போ நான் குழு ஊக்குநர். நான் சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க. பாதையை விட்டு ஏறினோம். புல்லுக்குள்ளே கல் ஆடுது. பத்து மணிக்கே பாறை சுட்டது. 11 பேருக்கு இரண்டு பாட்டில் தண்ணி. நான் பாட்டுக்கு முன்னால் போய்ட்டேன்.

பின்னால் சத்தம் கேட்டது. எங்களில் மூத்த அக்கா செருப்பு அறுந்து சறுக்கி விழுந்துட்டாங்க. முட்டியில் ரத்தம். தலை சுத்துதுன்னாங்க. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.

எங்களை இறக்கிக் கொண்டுவந்தது யார் தெரியுமா? கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு அம்மா. சின்ன வயசில் மலையில் புல் அறுத்தவங்க. முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டாங்க. "ஒருத்திக்கு நேர் மேலே ஒருத்தி வராதீங்க, கல் உருண்டா கீழே இருக்கறவ மேல விழும். மிதிக்கறதுக்கு முன்னாடி அசைச்சுப் பாருங்க. சரிவுல வெட்கப்படாம உட்கார்ந்து இறங்குங்க"ன்னாங்க. ஒரு மணி நேரத்தில் ஏறினதை இறங்க மூணு மணி நேரம் ஆச்சு.

"குழுவும் வேணாம், ஒண்ணும் வேணாம்"னு அந்த அக்காவை வீட்டில் நிறுத்திட்டாங்க. இரண்டு மாசம் வரலை. நானே போய் அவங்க மகன் எதிரில் "தப்பு என் மேலதான் தம்பி"ன்னு சொன்னேன். அடுத்த கூட்டத்துக்கு வந்தாங்க.

அப்புறம்தான் யோசிச்சேன். தவணை தவறினவளையும் இப்படித்தானே விட்டுட்டுப் போறோம்? இப்போ எங்க குழுவில் யாராவது தவணை கட்டலைன்னா, பேசறதுக்கு முன்னால் இரண்டு பேர் அவங்க வீட்டுக்குப் போய் என்ன கஷ்டம்னு கேட்கிறோம்.

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலை சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர் போனது. அதில் ஐந்து பேர் பிள்ளைகள். அந்த வருஷம் தீபத்துக்குக்கூட பக்தர்களை மலையேற விடலை. மலை சாமிதான், ஆனால் உருளுகிற கல் ஆள் பார்க்காது. வனத்துறை கூடாது என்ற இடத்துக்குப் போகாதீங்க. போகிற பாதையிலும் மெதுவாக நடப்பவங்களை முன்னால் விடுங்க. குழுவிலும் அப்படியே.