தென்னகத்தின் முதற்படம் தந்த வேலூர் வணிகர்



வேலூரில் 1885-ஆம் ஆண்டு ஆர். நடராஜ முதலியார் பிறந்தபோது, அவ்வூரும் இத்திருத்தணியும் வட ஆர்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 1911-இல் தணிகை சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்ததும், 1960-இல் தமிழகத்தோடு இணைந்ததும் இவ்வவையினர் நன்கறிந்தவை. ஆகவே அவரை நம் பக்கத்து ஊர்க்காரர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான ‘கீசக வதம்’ அவர் எடுத்ததே.

அவர் கலைஞராகத் தொடங்கியவர் அல்லர், வணிகர். சென்னைக்கு வந்து உறவினர் ஒருவரோடு கூட்டாக மிதிவண்டி விற்றார். பின்னர் அமெரிக்க மோட்டார் வண்டிகளையும் உதிரிப் பாகங்களையும் விற்றார். தாதாசாகேப் பால்கேயின் படங்களைக் கண்டதும் அவர் மனம் திரும்பியது. கர்சன் பிரபுவைப் படமெடுத்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரிடம் ஒளிப்பதிவின் அடிப்படைகளைக் கற்றார். தஞ்சையில் மூப்பனார் ஒருவரிடமிருந்து பழைய வில்லியம்சன் காமிராவையும் படிபோடும் கருவியையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார். நண்பர்களின் பணத்தோடு சேர்த்து முதலீடு 40,000 ரூபாய். 1917-இல் புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் ‘இந்தியா பிலிம் கம்பெனி’ தோன்றியது.

அந்தச் சிக்கனத்தைச் சற்று நின்று நோக்கவேண்டும். மின்விளக்கு இல்லை, கூரைக்குப் பதிலாக மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் வழியே வடியும் வெயிலில் படம் பிடித்தனர். காமிராவைக் கையால் சுழற்றினர். சென்னையின் வெக்கை படச்சுருளுக்கு ஆகாது என்பதால் கழுவுமிடத்தைப் பெங்களூரில் அமைத்தார்; வாரந்தோறும் சுருளோடு அங்கே பயணம் போவார். படப்பிடிப்பு 35 நாள்களில் முடிந்தது. செலவு சுமார் 35,000 ரூபாய், நீளம் 6,000 அடி. அடிக்கு ஆறு ரூபாய்க்கும் சற்றுக் குறைவு! அன்றைய வேகத்தில் நொடிக்கு ஓரடி ஓடும். ஆக நூறு நிமிடப் படம்.

கதையைப் பரிந்துரைத்தவர் நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார். முதற்படத்துக்கு இக்கதை தகாது என்று உறவினர் சிலர் தடுத்தனர். அவர் பின்வாங்கவில்லை. நடிகர்களைப் பயிற்றுவிக்க நாடகக் கலைஞர் ரங்கவடிவேலு துணைநின்றார். ராஜு முதலியார் கீசகனாகவும் ஜீவரத்தினம் திரௌபதியாகவும் நடித்தனர்.

இலக்கிய வட்டத்தினர் கருதவேண்டிய செய்தி வேறொன்று. பேசாத படத்துக்கும் மொழி வேண்டியிருந்தது. காட்சிகளுக்கிடையே ஆங்கிலம், தமிழ், இந்தி ஆகிய மூன்றிலும் எழுத்துத் தலைப்புகள் காட்டப்பட்டன. தமிழ், ஆங்கிலத் தலைப்புகளை ஆக்குவதில் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் திருவேங்கட முதலியாரும் குருசாமி முதலியாரும் உதவினர். இந்தியில் எழுதியவர் காந்தியடிகளின் மகன் தேவதாஸ் காந்தி. எழுத்தறியாத பார்வையாளருக்கு அக்காலக் கொட்டகைகளில் ஒருவர் உரக்கப் படித்து விளக்குவதும் உண்டு. ஓலையிலும் தாளிலும் வாழ்ந்த தமிழ், வெள்ளைத் திரையில் ஒளியாக விழுந்தது இப்படித்தான்.

படம் இந்தியாவிலும் பர்மா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய இடங்களிலும் ஓடி 50,000 ரூபாய் ஈட்டியது. 15,000 ரூபாய் ஆதாயம் கண்ட வணிகர் உடனே அடுத்த படத்தில் இறங்கினார். ‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘லவகுசா’, ‘மயில்ராவணன்’, ‘மார்க்கண்டேயா’ எனப் புராணங்களே தொடர்ந்தன. கதை முன்பே தெரிந்திருந்தால் தலைப்புகள் குறைவாகப் போதும்; சிக்கனம் அறிந்தவரின் தேர்வு அது எனக் கொள்வதில் தவறில்லை. திரௌபதியாக நடிக்கக் குடும்பப் பெண்கள் முன்வராத காலம். இரண்டாம் படத்தில் அவ்வேடம் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்ணுக்குச் சென்றது. பாரதக் கதையின் தலைவிக்கு மேலைநாட்டு முகம் வாய்த்ததைக் கேலி செய்வோர் அன்றைய சமூகத்தின் கதவடைப்பையும் சேர்த்து எண்ணவேண்டும்.

பின்னர் நிலையத்தில் தீ விபத்து நேர்ந்தது. மகனையும் இழந்தார். 1923 அளவில் திரைத்தொழிலை முற்றாக விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது நாற்பதுகூட நிரம்பவில்லை. பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்து 1971-இல் மறைந்தார். திரை பேசியதையும், பாடியதையும், வண்ணம் பூசிக்கொண்டதையும் ஒதுங்கி நின்று பார்த்தவர் அவர். ‘கீசக வத’த்தின் சுருள் ஓரடிகூட இன்று கிடைக்கவில்லை. அதனோடு, திரையில் மின்னிய அந்தத் தமிழ் வரிகளும் போயின.