கடை மாமாவின் கொப்பி

(டிவிசன் கோயில் மண்டபத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில், நமது சங்கத்தின் அமைப்பாளரான தோட்டப் பாடசாலை ஆசிரியை ஆற்றிய உரை)



கருமாதி முடிந்து இன்று முதல் ஞாயிற்றுக்கிழமை. இந்த நேரத்துக்குக் கடை மாமா கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, வாசலுக்குத் தண்ணீர் தெளித்து, சாமிப் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தியிருப்பார். நாற்பது வருடமாக அந்தப் பலகைச் சத்தம்தான் நமக்கு மணிக்கூடு. அவருக்கு ஒரு பெயர் உண்டு. அது மரண அறிவித்தலில் அச்சான அன்றுதான் நம்மில் பாதிப் பேருக்குத் தெரிய வந்தது. நமக்கு அவர் கடை மாமா. இன்றும் அப்படியே சொல்கிறேன்.

மாமா இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் நம் சனத்தைக் கணக்குப் பார்த்துப் பிரித்தது. அந்தக் கணக்கில் அவருடைய பெரிய அண்ணன் குடும்பம் அந்தப் பக்கம் போனது. அழுகைக் கோச்சி என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதில் அண்ணனை ஏற்றிவிட்டுத் திரும்பிய நாளை அவர் கடைசிவரை மறக்கவில்லை. வறுமை வாட்டிய எழுபதுகளில், பதினான்கு வயதில் டவுன் கடையொன்றுக்கு வேலைக்குப் போனார். 1983 ஜூலையில் அந்தக் கடை எரிந்தது. உடுத்த உடுப்போடு இரவில் மலையேறி வந்து சேர்ந்தார்.

அப்போது அத்தை கொழுந்து மலையில் பெயர் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கட்டிய சீட்டுக் காசில் ஒரு மேசை, ஒரு தராசு, அரை மூட்டை மா. கடை அப்படித்தான் ஆரம்பமானது. பிற்காலத்தில் அத்தையின் சேமலாப நிதி வந்தபோது கடைக்குக் கூரைத் தகரம் மாற்றினார்கள், குளிர்சாதனப் பெட்டி வாங்கினார்கள். மாமா இதை மறைத்ததே இல்லை. "இது உங்க அத்தை கடை. நான் சம்பளமில்லாத கணக்குப்பிள்ளை" என்பார். நாம் சிரிப்போம். அவர் உண்மையைத்தான் சொன்னார்.

இங்கே வந்து அவரைத் தெய்வமாக்கிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. அவர் வியாபாரி. சங்கத்துக்கு வந்த புதிதில் நானே அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். "டவுனில் இருப்பதைவிட அரிசி விலை கூடுதலாக இருக்கிறதே மாமா" என்று கேட்டேன். கோபப்படவில்லை. லொறிக் கூலித் துண்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "டீச்சர், சம்பளம் போட்ட அன்னைக்கு கைக்காசோட டவுனுக்குப் போறீங்க. மத்த இருபத்தொன்பது நாளும் கொப்பியோட எங்கிட்ட வாறீங்க. அதுக்கும் சேர்த்துக் கணக்குப் பாருங்க" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

கடன் நம் கழுத்துக் கயிறு என்று சங்க மேடையில் பேசுகிறவள் நான். தோட்டத்து வரலாறே துண்டுக் கடனில் தொடங்கியதுதான். ஆனால் ஒருவரைக் கட்டிப்போடக் கொடுக்கும் கடன் வேறு, பிள்ளை பசியோடு படுக்கக் கூடாதென்று கொடுக்கும் கடன் வேறு. மாமா வட்டி எழுதியதில்லை. கிலோ குறைந்து அரைப் பெயர் விழுந்த மாதத்தில், "அடுத்த மாசம் பார்ப்போம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

2006 டிசம்பரில் நாட்சம்பளம் முந்நூறு ரூபா கேட்டு மலையகமே வேலைநிறுத்தம் செய்தது. எனக்குப் பதினாறு வயது. எங்கள் வீட்டில் அம்மா ஒருவர்தான் சம்பளக்காரி. கொப்பியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகவே கூச்சமாக இருந்தது. மாமா என்னிடம் எதுவும் கேட்காமல் இரண்டு கிலோ மாவும் ஒரு தேங்காயும் கட்டிக் கொடுத்தார். கடைக்குச் சாமான் போடும் முதலாளி அவரை நெருக்கியதும், அத்தையின் தோடு அடகுக்குப் போனதும் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த வேலைநிறுத்தத்தை நடத்தியவர்கள் என்று தலைவர்களின் பெயரைச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். அதோடு இந்தத் தோட்டில் ஒரு தோடும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவருக்குச் சில சட்டங்கள் இருந்தன. கசிப்புக்கு இடம் கொடுக்கமாட்டார். மனைவியின் சம்பளத்தைக் காட்டி ஆண்கள் கடன் கேட்டால், "அந்தப் புள்ளைய வரச் சொல்லு" என்பார். பள்ளிக்கூட நேரத்தில் பிள்ளைகளுக்கு இனிப்பு விற்கமாட்டார். இதற்காக அவரைத் திட்டியவர்களும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். சிரிக்காதீர்கள்.

இன்னொன்று, கடிதம். லயத்துக்கு விலாசம் கிடையாது. எத்தனையோ பிள்ளைகளின் நேர்முகப் பரீட்சைக் கடிதம், வங்கிக் கடிதம், நீதிமன்றக் கடிதம் திகதி கடந்த பிறகு கைக்கு வந்திருக்கிறது. மாமாவுக்கு அடையாள அட்டை கையில் கிடைத்தபோதே முப்பது வயது. ஒரு துண்டுக் காகிதத்தின் அருமை தெரிந்தவர். தபால் வரும் நாளில் யாரையாவது அனுப்பியோ தானே போயோ கடிதங்களை வாங்கிவந்து, பிஸ்கட் டின்னில் போட்டு, லயம் லயமாகச் சொல்லி அனுப்புவார். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்த கடிதம் அந்த டின்னிலிருந்துதான் வந்தது. மழையில் நனைந்துகொண்டு வந்து கொடுத்தார். அது ஒரு வாரம் பிந்தியிருந்தால் நான் இன்று டீச்சர் இல்லை.

வீட்டில் அவர் எப்படி? அத்தை மலைக்குப் போன காலமெல்லாம் மூன்று பிள்ளைகளுக்கும் தலைவாரி, ரொட்டி சுட்டு, பாடசாலைக்கு அனுப்பியவர் அவர். மாவுக் கையோடு மகளுக்குப் பின்னல் போட்டுவிட்டு, அந்தப் பிள்ளை வெள்ளைத் தலையோடு வகுப்புக்கு வந்ததும் உண்டு. 2022இல் மா, மண்ணெண்ணெய் எல்லாம் எட்டாத விலைக்குப் போனபோது, கால் கிலோ கால் கிலோவாகப் பிரித்து எல்லா லயத்துக்கும் வரும்படி பார்த்தார். தன் வீட்டுக்கும் அதே கால் கிலோதான். அதைச் சொன்னது அவருடைய சின்ன மகள்.

தோழர்களே, இப்போது கொப்பிக்கு வருகிறேன். அத்தையின் அனுமதியோடு நான் அதைப் பார்த்தேன். இறந்துபோனவர்களின் பக்கங்களில் குறுக்கே கோடு போட்டு, "முடிந்தது" என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடனைப் பிள்ளைகளிடம் அவர் கேட்டதில்லை. உயிரோடு இருக்கும் நம்முடைய பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. என் அம்மாவின் பக்கமும் இருக்கிறது.

அத்தை என்னிடம், "யாரையும் கேக்காத தாயி. அவர் கேக்கமாட்டார்" என்றார். சரி, கேட்கவில்லை. ஆனால் அவர் கேட்கமாட்டார் என்பதற்காக நாம் கொடுக்காமல் இருப்பது நியாயமா? நமக்குச் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, தோட்டம் 12 வீதம் போட்டு, சேமலாப நிதி சேர்கிறது. கடை மாமாவுக்கு அப்படி எதுவும் இல்லை. அவருடைய சேமலாப நிதி அந்தக் கொப்பிதான். அது நம் கையில் இருக்கிறது.

வருகிற 10ஆம் திகதி, சம்பளம் போடும் நாள், பின்னேரம் நான் கடை வாசலில் மேசை போட்டு உட்காருவேன். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அவரவர் பக்கத்தை மெதுவாக, மற்றவர் காதில் விழாமல் வாசித்துச் சொல்வேன். முடிந்ததைக் கொடுங்கள். நூறு ரூபாவானாலும் வரவு எழுதுவோம். முதலில் என் அம்மாவின் பக்கத்தைத் தீர்க்கிறேன்.

அடுத்தது சங்கத்தின் வேலை. அந்தக் கடை நிற்கும் நிலத்துக்கு உறுதி இல்லை. அத்தை இருக்கும் காம்பராவுக்கும் இல்லை. நாளைக்கு யாராவது வந்து அகற்றச் சொன்னால் காட்ட ஒரு காகிதம் இல்லை. காணி, வீடு, விலாசம் என்று நாம் கேட்பதெல்லாம் இதற்காகத்தான். உறுதி வரும்போது அதில் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும். இந்தக் கடையின் கதை தெரிந்தவர்களுக்கு அதன் காரணத்தை நான் விளக்கத் தேவையில்லை.

நாளைக் காலை மூத்த மகன் கடை திறக்கிறான். அவனுக்குப் பலகை கழற்ற இன்னும் பழக்கமில்லை, கொஞ்சம் பிந்தும். பொறுத்துக்கொள்ளுங்கள். முடிந்தவர்கள் கைக்காசு கொடுத்து வாங்குங்கள்.

மாமாவுக்கு நம் எல்லோருடைய அஞ்சலி. அத்தை, நீங்கள் தனியாக இல்லை.