ஒரே பாடவேளையில் நான்கு திறன்கள்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆங்கில ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



ஆங்கிலப் பாடக்குறிப்பில் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று நான்கையும் தவறாமல் குறிப்பிடுகிறோம். வகுப்பில் என்ன நடக்கிறது? நாம் வாசித்துப் பொருள் சொல்கிறோம். பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறார்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நோட்டைத் திறந்தால் முத்து முத்தான கையெழுத்து. அதே பக்கத்தை வாசிக்கச் சொன்னால் தலைகுனிந்து நிற்கிறாள். எழுத்துகளைப் படம்போல வரைந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

திங்கள் கேட்டல், செவ்வாய் பேசுதல் என்று நாள் ஒதுக்குவதால் இது தீராது என்பது என் கருத்து. ஒருவர் நம்மிடம் வழி கேட்டால், கேட்பதும் சொல்வதும் ஒன்றாகத்தானே நடக்கின்றன?

நான் அதிகம் கையாள்வது 'டிக்டோகிளாஸ்'. ரூத் வாஜ்ன்ரிப் 1990-இல் வெளியிட்ட நூலின் வழியாகப் பரவலான முறை இது. பெயர்தான் மிரட்டும்; தேவை ஐந்து வாக்கியங்கள் மட்டுமே.

சந்தைக்குப் போன பாட்டி மழையில் மாட்டிக்கொண்ட கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். இயல்பான வேகத்தில் ஒருமுறை வாசிப்பேன். யாரும் பேனாவைத் தொடக்கூடாது. இரண்டாம் முறை வாசிக்கும்போது காதில் விழும் முக்கியச் சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளலாம். சொல் சொல்லாக நிறுத்தி வாசித்தால் பழைய 'டிக்டேஷன்' ஆகிவிடும். பிறகு நால்வர் குழுவாக அமர்வார்கள். ஒருவரிடம் 'மார்க்கெட்' இருக்கும், இன்னொருவரிடம் 'அம்ப்ரெல்லா' இருக்கும். அவற்றைச் சேர்த்துப் பொருள் மாறாமல் கதையைத் திரும்ப எழுத வேண்டும்.

அப்போதுதான் வாதம் கிளம்புகிறது. 'ஷி கோ'வா, 'ஷி வென்ட்'டா? "பாட்டி நேத்துதானே போனாங்க?" என்று ஒரு பையன் கேட்பான். இறந்தகாலம் அங்கே அவனுக்குத் தேவைப்படுகிறது. வாதம் தமிழில் நடக்கிறதே என்பீர்கள். நடக்கட்டும், பேசப்படுவது ஆங்கில வாக்கியம்தானே. எழுதியதை வகுப்பின் முன் ஆங்கிலத்தில் வாசிப்பார்கள். கடைசியில் மூலப் பத்தியைக் கரும்பலகையில் எழுதினால் தாங்களே ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வார்கள்.

நன்றாக எழுதும் பிள்ளையிடமே பேனா போய்ச் சேரும். அதனால் எழுதத் தயங்கும் பிள்ளையிடம் பேனாவைக் கொடுத்துவிடுவேன். மற்ற மூவரும் வாயால்தான் சொல்லியாக வேண்டும்.

தொடக்க நிலைக்கு இரண்டு வாக்கியங்கள் போதும். கேட்டதைப் படமாக வரையட்டும், படத்தைக் காட்டிச் சொல்லட்டும், அடியில் ஒரு சொல் எழுதட்டும்.

இந்தச் சிந்தனை நமக்கு அந்நியமானதும் அல்ல. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு பெங்களூரு, சென்னைப் பகுதிப் பள்ளிகளில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துச் செயல்பாடுகள் வழியே ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார். ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய நூல்களில் அந்தத் திட்டம் இன்றும் பேசப்படுகிறது.

ஒரு பாடவேளையில் முடியுமா? முதல் இரண்டு முறை முடியாது. பெஞ்சைத் திருப்பவே பத்து நிமிடம் போகும். பாடப்பகுதி பின்தங்கும் என்ற கவலை வேண்டாம். பாடநூலின் பத்தியையே ஐந்து வாக்கியங்களாகச் சுருக்கிக்கொண்டால் பாடமும் நடந்துவிடும்.

இப்போது நாமே செய்து பார்ப்போம். நால்வர் நால்வராக அமருங்கள். வாசிக்கப் போகிறேன், பேனாவைக் கீழே வையுங்கள்.